வீதியில் விடியும் பாவைப் பாட்டு

மார்கழி பிறந்தால் சென்னையில் இசைப் பருவம் தொடங்கிவிடும். மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் சபாக்கள் நிகழ்ச்சி நிரலை வெளியிடும் அதே நாள்களில், நகரின் வடகோடியாகிய திருவொற்றியூர், இராயபுரம் பகுதிகளில் வேறோர் இசைப் பருவத்திற்கான ஆயத்தம் நடைபெறுகிறது. அதற்கு மேடை இல்லை. நுழைவுச் சீட்டு இல்லை. பாடுவோர், கேட்போர் என்ற பிரிவும் இல்லை. விடியலுக்கு முன் திருவீதி வலம் வரும் பஜனை கோஷ்டியே அது.

காலத்தால் முந்தியதும் இந்த மரபே. 1927இல் காங்கிரஸ் மாநாட்டையொட்டி நடந்த இசை மாநாட்டின் பயனாக 1928இல் மியூசிக் அகாடமி தோன்றியது. டிசம்பர் இசை விழா அதன் வழியே வளர்ந்தது. திருவொற்றியூர் ஆதிபுரீசுவரர் திருமுன் பதிகம் பாடும் வழக்கத்திற்கோ சோழர் காலக் கல்வெட்டுகளே சான்று. ஞானசம்பந்தர், நாவுக்கரசர், சுந்தரர் ஆகிய மூவரும் பாடிய தலம் அது.

தியாகராஜ சுவாமிகள், தம் சீடர் வீணை குப்பய்யரின் அழைப்பை ஏற்று இத்தலத்திற்கு வந்து, வடிவுடையம்மனாகிய திரிபுரசுந்தரி மீது பாடிய ஐந்து கீர்த்தனைகள் 'திருவொற்றியூர் பஞ்சரத்தினம்' எனப் போற்றப்படுகின்றன. அருகிலுள்ள மணலியில் முத்துகிருஷ்ண முதலியாரின் ஆதரவில் இராமசுவாமி தீட்சிதர் குடும்பத்துடன் வாழ்ந்தார். அவருடைய மைந்தர் முத்துசுவாமி தீட்சிதரின் இளமை அங்கே கழிந்தது. இன்று ஆலைகளின் பெயரால் அறியப்படும் ஊர்கள், அன்று இசையின் பெயரால் அறியப்பட்டவை.

உழைப்பும் பக்தியும் இங்கே என்றும் இணைந்தே இருந்தன. எண்ணெய் வணிகரான கலிய நாயனார், செல்வம் கரைந்த பின் செக்கில் கூலிக்கு உழைத்துத் திருவொற்றியூர்க் கோயிலில் விளக்கேற்றினார் என்கிறது பெரியபுராணம். துறைமுகத்திலும் எண்ணூர், மணலி ஆலைகளிலும் உழைத்து ஓய்வு பெற்றோர் ஜால்ராவை ஏந்தி வீதியில் நடப்பதும் அந்த விளக்குத் தொண்டின் தொடர்ச்சியே.

கோஷ்டி கானத்தின் முறை எளிது. ஒருவர் ஓர் அடியை எடுத்துக் கொடுக்க, ஏனையோர் திருப்பிப் பாடுவர். திருப்பாவை 30 பாசுரங்கள், நாளுக்கு ஒன்று. மார்கழி 29 நாளாக அமையும் ஆண்டில் ஒரு நாள் இரண்டு பாசுரங்கள். சிவாலயங்களில் திருவெம்பாவை 20, திருப்பள்ளியெழுச்சி 10 எனக் கணக்கு நிறைவு பெறும். பாவைப் பாடல்களின் அமைப்பே கூட்டுப் பாட்டுக்கு உரியது. விழித்தவர் உறங்குபவரை எழுப்பி, எல்லோரும் ஒன்றாகச் செல்வதே அவற்றின் பொருள். தனி ஒருவர் எத்துணை இனிமையாகப் பாடினாலும் அப்பொருள் முழுமை பெறுவதில்லை. கீர்த்தனை வல்லவரான பாபநாசம் சிவன், மயிலையின் மாட வீதிகளில் மார்கழி பஜனையை முன்னின்று நடத்தியதன் உட்பொருளும் இதுவே.

இன்றைய கவலை ஒன்று உண்டு. பாடல்களை ஏடு பாராமல் பாட வல்லவருள் பலர் முதுமை எய்திவிட்டனர். புத்தகம் சொற்களைக் காக்கும். தெருவுக்குத் தெரு வேறுபடும் மெட்டைக் காப்பது செவி ஒன்றே. பாட்டியின் குரலிலிருந்து பேத்தியின் செவிக்குச் செல்லாத மெட்டு ஒரு தலைமுறையில் மறைந்துவிடும். இளையோர்க்கு அரையாண்டுத் தேர்வு உண்டு. பெற்றோருக்கு இரவுப் பணி உண்டு. அவர்களைக் குறை கூறுவதால் பயனில்லை.

செய்யத்தக்கவை சில உள்ளன. கார்த்திகையிலேயே நாளுக்கு ஒரு பாடலாக இல்லத்துக் குழந்தைகளுக்குக் கற்பிக்கலாம். சிறுவரும் முதியோரும் சேர்ந்து பாடும்படி சுருதியைத் தாழ வைக்கலாம். நாள்தோறும் வர இயலாத பிள்ளைகளை விடுமுறை நாள்களிலேனும் அழைத்து, ஓர் அடியை எடுத்துக் கொடுக்கும் பொறுப்பை அவர்களிடம் விடலாம். முழங்கால் வலியால் நடக்க இயலாதோர், கோலமிட்ட வாசலில் விளக்கேற்றி அமர்ந்து, கோஷ்டி வரும்போது தம் குரலையும் சேர்க்கலாம். வாசலில் ஒலிக்கும் அந்தக் குரலும் கோஷ்டியின் குரலே. குரல் நடுங்கினாலும் குற்றமில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தை பழகுவது அதைக் கேட்டுத்தான்.