ஏறி நிற்கும் தோள்

டீயை ஒரு வாய் குடித்துவிட்டு அப்படியே உங்கள் தோளைக் கவனியுங்கள். காதுப்பக்கமாக ஏறி நிற்கிறதா? அநேகமாக நிற்கும். மேலதிகாரியின் வாட்ஸ்அப், மாதக் கடைசி, பிள்ளையின் பரீட்சை என்று மனசில் எது ஓடினாலும், உடம்பு தோளைத் தூக்கிப் பல்லைக் கடித்துக்கொள்கிறது. பின்மண்டையின் அடியில் தொடங்கி, தோள் வரை விரிந்து, நடுமுதுகு தாண்டி இறங்கும் ட்ரபீசியஸ் தசைதான் இதில் அதிகம் அடிபடுவது. சாயங்காலத்தில் தலையைச் சுற்றி இறுக்கிக்கொண்டு வரும் வலிக்கும் இதற்கும் நிறையத் தொடர்பு உண்டு.

அந்த இடத்தை யாராவது பிடித்துவிட்டால் சுகமாக இருக்கிறதே, ஏன்? "தேங்கின கழிவெல்லாம் வெளியே போயிடும் சார்" என்பார்கள் மசாஜ் நிலையங்களில். நம்பாதீர்கள். அவர்கள் கை காட்டும் லாக்டிக் அமிலம், ஓடியாடிக் களைத்தவர் உடம்பில் சேர்ந்தாலும் ஓரிரு மணி நேரத்தில் தானே போய்விடும். நாற்காலியில் உட்கார்ந்தே பொழுதைக் கழித்தவருக்கு அது சேரவே வழியில்லை. கார்டிசால் என்ற ஹார்மோன் மளமளவென இறங்கும் என்பதும் ஊதிப் பெரிதாக்கியதுதான். கிறிஸ்டோபர் மோயர் என்ற அமெரிக்க உளவியலாளரும் சகாக்களும் பல ஆய்வுகளைத் திரட்டி 2011-இல் வெளியிட்ட அலசலில், அந்தக் குறைவு மிகச் சொற்பம் என்றே தெரிந்தது. ஆனால் அதே மோயர் 2004-இல் பங்கெடுத்த இன்னொரு அலசலில், தொடர்ந்து மசாஜ் செய்துகொண்டவர்களுக்குப் பதற்றமும் மனச்சோர்வும் நன்றாகவே குறைந்திருந்தன. ஆக, பலன் இருக்கிறது. காரணத்தைத்தான் வேறு இடத்தில் தேட வேண்டும்.

ஒரு காரணம் தோலிலேயே இருக்கிறது. முடி முளைக்கும் தோலில் சி-டாக்டைல் என்ற மெல்லிய நரம்பிழைகள் உண்டு. வெதுவெதுப்பான கை, நொடிக்கு ஒன்று முதல் பத்து சென்டிமீட்டர் வேகத்தில் நீவினால்தான் அவை நன்றாக விழித்துக்கொள்ளும். முழங்கைக்குக் கீழே ஒரு சாண் தூரத்தை ஐந்தாறு நொடி எடுத்து நீவிப் பாருங்கள், புரியும். பரபரவென்று தேய்த்தால் சூடுதான் கிளம்பும். எண்ணெய்க் குளியலில் உச்சந்தலையில் படபடவென்று தட்டுவார்களே, அது எனக்கு என்றைக்குமே பிடித்ததில்லை. பிறகு கழுத்திலிருந்து முதுகுக்கு நல்லெண்ணெயை நிதானமாக நீவி இறக்கும்போதுதான் கண் சொருகும். எண்ணெய்க்கு அங்கே பெரிய வேலை, தோலை இழுக்காமல் கையை வழுக்க விடுவதுதான்.

காசு செலவழிக்காமலே பாதி பலன் கிடைக்கும். வலது கையால் இடது தோளை, கழுத்துக்கும் தோள்முனைக்கும் நடுவில், சதையோடு சேர்த்துப் பிடியுங்கள். கிள்ளக்கூடாது, உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்த பிடி. மூன்று மூச்சு வரை அப்படியே இருங்கள். மூச்சை விடும்போது தோள் தானாக இறங்கும். விட்டுவிட்டு அரை அங்குலம் தள்ளிப் பிடியுங்கள். எட்டாத முதுகுக்கு, சுவருக்கும் முதுகுக்கும் நடுவில் ஒரு டென்னிஸ் பந்தை வைத்துச் சாய்ந்தால் போதும். முதுகெலும்பின் மேல் மட்டும் பந்து வேண்டாம். வாயை லேசாகத் திறந்து, காதுக்கு முன்னால் தாடைச் சதையை வட்டமாக அமுக்கிவிடுங்கள். பல்லைக் கடிக்கிறவர்களுக்கு அங்கேதான் வலி ஒளிந்திருக்கும்.

கழுத்தின் முன்பக்கமும் பக்கவாட்டும் வேண்டவே வேண்டாம். அங்கே ஓடும் பெரிய ரத்தக்குழாயை அமுக்கினால் நாடித்துடிப்பு சட்டென்று குறைந்து சிலருக்கு மயக்கமே வரும். சலூனில் முடிவெட்டி முடித்ததும் தலையைப் பிடித்து மடக்கென்று நெட்டி எடுக்க வந்தால், "வேண்டாம்ணே" என்று சொல்லிவிடுங்கள். கழுத்தெலும்புகளின் துளைகள் வழியாக மூளைக்கு ரத்தம் போகிறது. அந்தத் திடீர்த் திருப்பலில் குழாயின் உள்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்த சம்பவங்கள் உண்டு. அபூர்வம்தான், ஆனாலும் எதற்கு? ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, வலித்து, சுட்டால் அதையும் தேய்க்காதீர்கள். உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். அன்றைக்கே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.