காணொலி அழைப்புக்கு முன் ஐந்து நிமிடம்

வாடிக்கையாளரைக் காணொலி வழியே அடையாளம் காண்பதற்கு 2020ஆம் ஆண்டு ஜனவரியில் இந்திய ரிசர்வ் வங்கி அனுமதி அளித்தது. வீட்டில் இருந்தபடியே முடிந்துவிடக்கூடிய இப்பணி, சில நேரங்களில் பாதியில் நின்றுவிடுகிறது. ஆவணங்களில் குறை இராது. நாம் சொன்ன விடை அதிகாரியின் காதை எட்டியிராது, அவ்வளவே.

அழைப்பு துண்டிக்கப்பட்டால் விட்ட இடத்திலிருந்து தொடர இயலாது. விதிப்படி புதிதாகவே தொடங்க வேண்டும். முன்பே பதிவுசெய்த படத்தை ஓடவிட்டு எவரும் ஏமாற்றிவிடாதபடி, கேள்விகளும் மாற்றி மாற்றிக் கேட்கப்படும். ஆகவே, முன்கூட்டியே ஐந்து நிமிடம் ஒதுக்குவது நன்று.

முதலில் ஒலி. கைப்பேசியின் ஒலிப்பதிவுச் செயலியில் பத்து நொடி பேசி, அதைக் கேட்டுப் பார்ப்போம். குரல் மங்கலாக இருந்தால், கைப்பேசியின் அடிப்பகுதியில் உள்ள ஒலிவாங்கித் துளையை உறையோ விரலோ மறைக்கிறதா என்று கவனிக்க வேண்டும். எதிரொலி வராமல் இருக்க இயர்போன் உதவும். ப்ளூடூத் கருவி வேறொரு கைப்பேசியுடன் இணைந்திருந்தால் நம் குரல் வங்கியைச் சென்றடையாது. ஒலிவாங்கி, கேமரா, இருப்பிடம் ஆகியவற்றுக்கு அனுமதி கேட்கப்படும்போது மறுத்துவிடலாகாது.

அடுத்தது இணைப்பு. திரைப்படம் தடையின்றி ஓடுவதை மட்டும் வைத்து இணைப்பு நன்றாக உள்ளதென முடிவு செய்ய இயலாது. படம் நம்மை நோக்கி வருவது. குரலோ நம்மிடமிருந்து செல்வது. எனவே பதிவேற்ற வேகத்தையும் பார்க்க வேண்டும். பேசப்போகும் அதே இடத்தில் அமர்ந்து, உறவினர் ஒருவரைக் காணொலியில் அழைத்துப் பார்ப்பதே எளிய சோதனை. வி.பி.என். இயங்கினால் நிறுத்திவிட வேண்டும்; வெளிநாட்டு இணைய முகவரியிலிருந்து வரும் இணைப்பு ஏற்கப்படாது. அசல் பான் அட்டையும் அருகில் இருக்கட்டும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. “ஒலி சரியாகக் கேட்கவில்லை, இந்தச் செயலியை நிறுவுங்கள்” என்று எவரேனும் கூறினால், உடனே அழைப்பைத் துண்டித்துவிட வேண்டும். நம் திரையைப் பிறர் காண வழிசெய்யும் செயலியாக அது இருக்கலாம். கடவுச்சொல்லையோ ஏடிஎம் பின் எண்ணையோ வங்கி அதிகாரி ஒருபோதும் கேட்பதில்லை.

நம் குரல் தெளிவாகக் கேட்கிறதா என்று சோதிக்கும் நாம், மறுமுனையில் பேசுபவர் யார் என்பதையும் உறுதிசெய்துகொள்வோம்.