ராஜாவின் பாதுகாப்பும் காய்களின் கணக்கும்

சதுரங்கம் பயிலத் தொடங்குவோருக்கு முதலில் கற்பிக்கப்படும் கணக்கில் சிப்பாய்க்கு 1, குதிரைக்கும் குறுக்காகச் செல்லும் மந்திரிக்கும் தலா 3, யானைக்கு 5, ராணிக்கு 9 எனப் புள்ளிகள் தரப்படுகின்றன. ராஜாவுக்குப் புள்ளி கிடையாது, ஏனெனில் அது ஒருபோதும் வெட்டுப்படுவதில்லை, தப்ப வழியின்றி அகப்பட்ட கணத்தில் ஆட்டமே முடிந்துவிடுகிறது. இப்புள்ளிகள் ஒரு காய் பலகையில் பொதுவாக எவ்வளவு ஆற்றல் காட்டும் என்பதன் சராசரி மதிப்பீடுகளே. ராஜா தாக்கப்படும் வேளையில் அந்தச் சராசரி செல்லாது. சில நகர்த்தல்களுக்குள் அவ்விடம் வந்துசேர இயலாத யானை ஏட்டில் 5 புள்ளியாக இருந்தாலும், காப்பாற்றும் திறனில் வெறும் மரக்கட்டையே.

இதற்கு 1858இல் பாரிஸ் நகரின் இசைநாடக அரங்கில் நடந்த புகழ்பெற்ற ஆட்டத்தைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. அமெரிக்கரான பால் மார்ஃபி வெள்ளைக் காய்களுடன் ஆட, பிரன்ஸ்விக் கோமகனும் இசுவார் பிரபுவும் தமக்குள் கலந்தாலோசித்துக் கறுப்புக் காய்களை நகர்த்தினர். 17ஆம் நகர்த்தலில் கறுப்பு ராஜா செக்மேட் ஆனபோது மார்ஃபியிடம் எஞ்சியவை ஒரு யானை, ஒரு மந்திரி, ஏழு சிப்பாய்கள், அதாவது 15 புள்ளிகள். எதிர்த்தரப்பிடமோ ராணி, யானை, மந்திரி, குதிரை, ஐந்து சிப்பாய்கள் என 25 புள்ளிகள் இருந்தன. ஆயினும் அந்த யானையும் மந்திரியும் ஆட்டம் முழுவதும் தொடக்கக் கட்டங்களை விட்டு அசையவே இல்லை.

ராணியையே பலியிட்ட 16ஆம் நகர்த்தலைத்தான் பலரும் வியக்கின்றனர். கற்பவருக்கு அதைவிடப் பயன்தருவது ஓசையில்லாத 8ஆம் நகர்த்தல். அப்போது வெள்ளை ராணி ஒரு சிப்பாயை எளிதாக வெட்டியிருக்கலாம், ஆனால் கறுப்பு உடனே தன் ராணியால் செக் வைத்து இரு ராணிகளும் வெட்டுப்படச் செய்திருக்கும் என்பதால், மார்ஃபி அந்த இலாபத்தை வேண்டாமென விட்டுவிட்டுக் குதிரையை வெளியே கொண்டுவந்தார். பின்னர் 12ஆம் நகர்த்தலில் காஸ்லிங் எனப்படும் கோட்டை கட்டுதலைச் செய்தபோது, தம் ராஜா ஓரமாய்ப் பத்திரமானதோடு, யானையும் சிப்பாய்கள் அற்றுத் திறந்துகிடந்த நெடுவரிசைக்கு வந்து தாக்குதலில் சேர்ந்தது. எதிரியின் ராஜாவோ பலகையின் நடுவிலேயே நின்றது.

ஆகவே எடைபோட வேண்டியது பலகை முழுவதிலும் உள்ள காய்களை அன்று, ராஜாவைச் சுற்றியுள்ள கட்டங்களில் உடனடியாகப் பங்கெடுக்கக்கூடிய தாக்குவோரையும் காப்போரையும்தான். ராஜாவின் முன்னுள்ள சிப்பாய் அரண் உடைந்துள்ளதா, நெடுவரிசைகளும் மூலைவிட்டங்களும் திறந்துள்ளனவா என்பவையும் இதில் அடங்கும். ஆஸ்திரிய ஆட்டக்காரர் ருடால்ஃப் ஸ்பீல்மன் 1935இல் வெளியிட்ட நூலில் பலிகளை இருவகையாகப் பிரித்தார்: கொடுத்தது சில நகர்த்தல்களில் திரும்பக் கிடைக்கும் என்றோ செக்மேட்டில் முடியும் என்றோ முன்கூட்டியே கணிக்க முடிந்தது போலிப் பலி, விளைவு கணிப்புக்கு அப்பாற்பட்டு, இடரை அறிந்தே கொடுக்கப்படுவது மெய்ப் பலி. முதல் வகைக்குக் கணக்குத்திறன் போதும், எடைபோடும் சிக்கல் இரண்டாவதற்கே உரியது.

இங்கு எதிர்வழக்கும் வலுவானது. 1886இல் உலக வாகையரான வில்ஹெல்ம் ஸ்டைனிட்ஸ், எதிரியின் நிலையில் பலவீனம் இல்லாதபோது தொடுக்கப்படும் தாக்குதல் சரியான தற்காப்பின்முன் நில்லாது என்று வாதிட்டதோடு, தம் பெயரால் வழங்கும் தொடக்க ஆட்டத்தில் ஐந்தாம் நகர்த்தலிலேயே ராணிகள் பலகையில் இருக்கும்போதே ராஜாவை முன்னே நகர்த்தவும் துணிந்தார். கொடுத்த காயை வாங்கிக்கொண்டு பொறுமையாகத் தற்காத்தால், தாக்குதல் ஓய்ந்தபின் கூடுதல் காய் வெல்லும் என்பதே அவர் பார்வை. கொள்கையளவில் இதை மறுப்பது கடினம்.

நடைமுறை வேறு. 1960இல் மாஸ்கோவில் நடந்த உலக வாகையர் போட்டியின் ஆறாம் ஆட்டத்தில் மிகைல் தால் 21ஆம் நகர்த்தலில் ஒரு குதிரையைப் பலியிட்டார். தற்காப்புக்கு வழி இருந்ததைப் பிந்தைய ஆய்வுகள் காட்டின, ஆயினும் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கப் பலகையின்முன் அமர்ந்திருந்த எதிராளி மிகைல் போட்வின்னிக் அதைக் காணவில்லை. தாக்குபவர் சற்றே பிசகினாலும் பெரும்பாலும் மற்றொரு வழி எஞ்சியிருக்கும், தற்காப்பவருக்கோ ஒரே ஒரு சரியான நகர்த்தல் மட்டுமே இருக்கும். இந்தச் சமமின்மையைப் புள்ளிக்கணக்கு அளப்பதில்லை. தால் அப்போட்டியில் வென்று வாகை சூடினார், அடுத்த ஆண்டே போட்வின்னிக் அதை மீட்டார்.

இதனால்தான் காய்பலத்தில் முந்தியவர் ராணிகளை மாற்றிக்கொள்ள விரும்புகிறார், தாக்குபவர் அதை முடிந்தவரை தவிர்க்கிறார். ராணிகள் நீங்கி, மற்ற காய்களும் குறைந்த இறுதி ஆட்டத்தில் செக்மேட் அச்சம் பெரிதும் தணிகிறது. அதுவரை மூலையில் ஒளிந்திருந்த ராஜா நடுவுக்கு வந்து சிப்பாய்களை வெட்டவும் தன் சிப்பாயை எட்டாம் வரிசைக்கு அழைத்துச் செல்லவும் தொடங்குகிறது, அப்போது ஒரு சிப்பாய் கூடுதலாக இருப்பதே பல ஆட்டங்களின் முடிவைத் தீர்மானிக்கிறது.