வால் எலும்புக்கு மேலே: அன்றும் இன்றும்

சென்னை நங்கநல்லூரில் தனி வீடும் கிணறும் இருந்த நாட்களில் இடுப்பு வலிக்குத் தைலமும் ஒத்தடமும்தான். வால் எலும்புக்கு மேலே உள்ள சேக்ரம் என்ற முக்கோண எலும்பில் கட்டி வரும் என்று யாரும் நினைக்கவில்லை. அங்கே வரும் கார்டோமா, ஆண்டுக்குப் பத்து லட்சத்தில் ஒருவரைத் தாக்கும் அபூர்வப் புற்றுநோய். மெதுவாக வளரும். எக்ஸ்ரே எடுத்தாலும் குடலில் உள்ள வாயு மறைத்துவிடும். தெரியவரும்போது பெரிதாகியிருக்கும்.

கட்டியைச் சுரண்டி எடுத்தால் திரும்ப வந்தது. 1978-ல் ஸ்டெனர், குன்டர்பெர்க் என்ற ஸ்வீடன் மருத்துவர்கள், கட்டியை உடைக்காமல் எலும்போடு சேர்த்து வெட்டியெடுக்கும் முறையை விவரித்தார்கள். உயிர் தப்ப வழி பிறந்தது, நரம்புகள் போயின. சேக்ரத்தின் துளைகளில் வெளிவரும் இரண்டு, மூன்று, நான்காம் நரம்புகள்தான் சிறுநீரையும் மலத்தையும் அடக்குகின்றன. அவை அறுபட்டவருக்கு அன்று நிரந்தர டியூப், மூத்திரப் பை, அடிக்கடி குளிர்காய்ச்சல். குத்துக்கால் இட்டு உட்காரும் கழிப்பறையோ கொல்லையில்.

இன்று எம்.ஆர்.ஐ. பார்த்து, எந்த நரம்பு மிஞ்சும் என்பதைக் கத்தி எடுக்கும் முன்பே ஓரளவு சொல்லிவிடுகிறார்கள். இரண்டாம் நரம்பு இருபுறமும், மூன்றாம் நரம்பு ஒருபுறமாவது தப்பினால் கட்டுப்பாடு பெரும்பாலும் நிலைக்கும். இரண்டாம் நரம்பு இருபுறமும் போனால் அது நிலைப்பது அரிது. ரத்தப்போக்கைக் குறைக்கக் கட்டிக்குப் போகும் ரத்தக் குழாய்களை முன்கூட்டியே அடைக்கிறார்கள். குழியை மூடப் பிளாஸ்டிக் சர்ஜன் தசையைத் திருப்பி வைக்கிறார். அப்படியும் தையல் பிரிவதும் சீழ் பிடிப்பதும் குறைந்தபாடில்லை: மலத்துவாரத்துக்குப் பக்கத்துப் புண், அதன் மேலேயே படுக்கவும் வேண்டும். நிரந்தர டியூப்புக்குப் பதிலாக, சில மணிக்கொரு முறை தானே டியூப் போட்டுச் சிறுநீரை வடிக்கும் பழக்கம் வந்தது. 1972-ல் அமெரிக்க மருத்துவர் லாபிடஸ் எழுதிக் காட்டிய வழி அது. சிறுநீரகங்களைக் காப்பாற்றுவதில் இதற்குப் பெரும் பங்கு.

ஊரும் மாறியது. 2016-ல் மெட்ரோ வந்தது, லிப்ட்டோடு. 2019-ல் தரமணியில் புரோட்டான் கதிர்வீச்சு சிகிச்சை தொடங்கியது. முழுதாக வெட்ட முடியாத கார்டோமாவுக்கு அது பெரிய துணை. 2023-ல் கிண்டியில் கலைஞர் நூற்றாண்டு அரசு மருத்துவமனை திறந்தது. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது. கிணற்று வீடுகள் பிளாட்டுகளாகி, வெஸ்டர்ன் கழிப்பறையும் வந்தாயிற்று. ஆனால் புரட்டிப் படுக்க வைக்க அன்று வீட்டில் நாலு பேர் இருந்தார்கள். இன்று பிள்ளைகள் பலர் வெளிநாட்டில். மாதச் சம்பளத்துக்கு ஓர் அட்டெண்டர். ஆஸ்பத்திரியில் சில சிக்கல்கள் குறைந்தாலும், வீட்டின் சுமை கூடியிருக்கிறது.

ஒன்று மட்டும் மாறவில்லை. சிறுநீரை அடக்கும் அதே நரம்புகள்தான் தாம்பத்தியத்துக்கும். அறுவை சிகிச்சைக்கு முன் டாக்டரின் அறையில் அண்ணன், மச்சான், மாமியார் என்று குடும்பமே உட்கார்ந்திருக்கும். சிறுநீரைப் பற்றிக் கேட்பார்கள், செலவைக் கேட்பார்கள், எப்போது நடப்பார் என்று கேட்பார்கள். தாம்பத்தியத்தைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. புருஷன் பெண்டாட்டி இருவரையும் மட்டும் உட்காரவைத்து இதைச் சொல்ல, பத்து நிமிடம் போதும். அதற்கு மெஷினும் வேண்டாம், காசும் வேண்டாம்.