எண் போட்ட வாத்து
பாரீஸின் புகழ்பெற்ற உணவகத்தில் காசு சாப்பாட்டுக்கா, பெயருக்கா?

வாத்தைச் சாப்பிட்டு முடித்ததும் கையில் ஓர் அட்டை தருகிறார்கள். அதில் ஓர் எண். நீங்கள் சாப்பிட்டது இந்த உணவகத்தின் எத்தனையாவது வாத்து என்பதற்கு அத்தாட்சி. 1890இல் தொடங்கிய வழக்கம். அதே ஆண்டு வேல்ஸ் இளவரசர் எட்வர்ட் சாப்பிட்டது 328ஆவது வாத்து. 1921இல் ஜப்பான் இளவரசர் ஹிரோஹிட்டோவுக்குக் கிடைத்த எண் 53,211. 2003இல் கணக்கு 10 லட்சத்தைத் தாண்டிவிட்டது.

பாரீஸில் சென் நதிக்கரையில் இருக்கும் 'லா தூர் தார்ஜான்' - வெள்ளிக் கோபுரம் - 1582இல் பிறந்ததாகச் சொல்லிக்கொள்கிறது. அந்தத் தேதியை எல்லோரும் ஏற்பதில்லை. சந்தேகமே இல்லாதது விலைதான். இரவு விருந்துக்கு ஆளுக்கு 300 யூரோவைச் சுலபமாகத் தாண்டும். நம் கணக்கில் ஏறத்தாழ 30,000 ரூபாய். ஒயின் தனி.

இவ்வளவு கொடுத்தால் என்ன கிடைக்கும்? முதலில், சடங்கு. வாத்தை அரைவேக்காட்டில் வறுத்து, மார்பு இறைச்சியைச் சீவி எடுத்துவிடுகிறார்கள். எலும்புக்கூட்டை ஓர் அழுத்துப் பொறியில் வைத்துத் திருகி, ரத்தத்தையும் சாற்றையும் பிழிகிறார்கள். அதோடு ஈரல், கோன்யாக் சேர்த்துக் குழம்பு தயாராகிறது. அடுத்தது, நிலவறை. மூன்று லட்சத்துக்கும் அதிகமான ஒயின் பாட்டில்கள். 1940இல் ஜெர்மானியர்கள் பாரீஸுக்குள் நுழையுமுன் சிறந்த பாட்டில்களைச் சுவர் எழுப்பி மறைத்துக் காப்பாற்றினார்கள். மூன்றாவது, ஜன்னல். 2019இல் தீப்பிடித்து, 2024 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்ட நோத்ருதாம் தேவாலயம் மேல்மாடியிலிருந்து முழுசாகத் தெரியும்.

சமையல்? இங்கேதான் சிக்கல். டயர் கம்பெனியான மிஷெலின் வெளியிடும் வழிகாட்டி நூல்தான் பிரெஞ்சு சமையல்காரர்களுக்குத் தேர்வு முடிவு மாதிரி. ஒரு நட்சத்திரம் என்றால், போகிற வழியில் நின்று சாப்பிடத் தகுந்த இடம். இரண்டு என்றால், சுற்றிக்கொண்டாவது போகலாம். மூன்று என்றால், அதற்காகவே பயணம் கிளம்பலாம். இந்த உணவகம் 1996இல் மூன்றாவது நட்சத்திரத்தை இழந்தது. 2006இல் இரண்டாவதும் போனது. மிச்சம் ஒன்று. நட்சத்திரம் குறைந்த வேகத்தில் விலை குறையவில்லை. 2023இல் பெரிய அளவில் புதுப்பித்துத் திறந்தார்கள். ஆனால் புது மெருகு வேறு, நட்சத்திரம் வேறு.

மிஷெலின் கணக்குப்படியே விடை கிடைத்துவிடுகிறது. இதற்காக விமானம் ஏற வேண்டாம். வேறு வேலையாகப் பாரீஸ் போகிறவர், நன்றாக அசைவம் சாப்பிடுபவர், வாழ்க்கையில் ஒருமுறை என்று சேமித்து வைத்திருப்பவர் - தாராளமாகப் போகலாம். சைவர்கள் யோசிக்க வேண்டும். இங்கே பெயரே வாத்துக்குத்தான். மூத்த மகளின் கல்லூரிக் கட்டணத்தில் கைவைத்துப் போக வேண்டிய இடம் நிச்சயமாக இல்லை.

போவதென்றால் மதியம் போங்கள். நிர்ணய விலைச் சாப்பாடு இரவைவிட வெகு மலிவு. தேவாலயமும் பகல் வெளிச்சத்தில் நன்றாகத் தெரியும். பில்லில் சேவைக் கட்டணம் ஏற்கெனவே அடக்கம், பிரான்ஸில் அதுதான் சட்டம். டிப்ஸ் உங்கள் இஷ்டம். குழாய்த் தண்ணீர் கேட்டால் கூஜாவில் தருவார்கள், காசு கிடையாது. கேட்க வெட்கப்பட்டால் பாட்டில் தண்ணீருக்கும் அழ வேண்டியதுதான்.