பாட்டு வந்துவிட்டது, பட்டியல் வந்ததா?

அருள்புரத்துத் தையல் கம்பெனிகளில் பவர் டேபிள் ஓடும் இடத்தில் பாட்டும் ஓடும். ஓவர்லாக் மெஷின் இரைச்சலைத் தாண்டிக் காதில் விழ வேண்டுமே, அதனால் ஸ்பீக்கர் பெரிதாகவே இருக்கும். பகலுக்கு ஒரு பட்டியல், நைட் வேலைக்கு வேறு பட்டியல். அவை இருப்பது பெரும்பாலும் ஆபீஸ் மூலையில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரில். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றதால், அத்தகைய பெட்டிகளை மாற்ற வேண்டிய காலம் இது. பில்லையும் டிசைன் ஃபைலையும் பத்திரமாக மாற்றுகிறவர்கள்கூடப் பாட்டு ஃபோல்டரைக் கடைசியில் இழுத்துப் போட்டு முடித்துவிடுகிறார்கள். மறுநாள் பிளேயரைத் திறந்தால் பட்டியலில் பாட்டுப் பெயர்கள் வரிசையாக இருக்கும், ஒன்றுகூடப் பாடாது.

பாட்டுகள் எங்கும் போகவில்லை. பிளேலிஸ்ட் என்பதற்குள் பாட்டே கிடையாது. ‘டி டிரைவ், இந்த ஃபோல்டர், இந்த ஃபைல்’ என்ற முகவரிதான் இருக்கும். புதிய கம்ப்யூட்டரில் அதே ஃபோல்டர் இ டிரைவில் போய் உட்கார்ந்தால் எல்லா முகவரியும் பொய்யாகிவிடும். எம்3யு வகைப் பட்டியல் வெறும் எழுத்து ஃபைல்தான். நோட்பேடில் திறந்து பழைய டிரைவ் எழுத்தைப் புதியதாக மாற்றிச் சேமித்தால் போதும், பாட ஆரம்பித்துவிடும். ஐடியூன்ஸ் போன்ற பிளேயர்களோ தனித் தரவுத்தளம் வைத்திருக்கும். எத்தனை முறை கேட்டோம், எப்போது சேர்த்தோம் என்பதெல்லாம் அதில்தான். பாட்டு ஃபோல்டரோடு அதையும் எடுத்து வராவிட்டால் பல வருடம் சேர்த்த ஒழுங்கு போய்விடும்; அதைத் திரும்பத் தேடிப் பிடிக்க முடியாது. ஒரு பாட்டு தொலைந்தால் இன்னொருவரிடம் வாங்கிக்கொள்ளலாம். எது யாருக்குப் பிடிக்கும் என்று பார்த்துப் பார்த்து அடுக்கிய வரிசையை யாரிடம் வாங்குவது?

பாட்டின் பெயர் எங்கே இருக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 1996-இல் எரிக் கெம்ப் வகுத்த ஐடி3 முறையில், எம்பி3 ஃபைலின் கடைசி 128 பைட்டில் விவரங்கள் இருக்கும். முதலில் ‘டேக்’ என்ற மூன்று ஆங்கில எழுத்து. அடுத்துத் தலைப்புக்கு 30 பைட், பாடியவருக்கு 30, ஆல்பத்துக்கு 30, வருடத்துக்கு 4, குறிப்புக்கு 30, பாட்டின் வகைக்கு ஒன்றே ஒன்று. தமிழுக்கு அதில் இடமே வைக்கவில்லை. யூனிகோட் தமிழை யுடிஎஃப்-8 முறையில் எழுதினால் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் வேண்டும், ‘எம்.எஸ்.விஸ்வநாதன்’ என்ற பெயருக்கு மட்டும் 50 பைட். பின்னால் வந்த ஐடி3 இரண்டாம் பதிப்புதான் யூனிகோடை ஏற்றது. ஆகவே, பழைய தமிழ் எழுத்துருக்களில் தட்டிய பெயர்கள் புதிய கம்ப்யூட்டரில் புரியாத குறிகளாகத் தெரிந்தால் ஃபைல் கெட்டுவிட்டது என்று அழித்துவிட வேண்டாம். பாட்டு நன்றாகவே இருக்கும். பெயரை மட்டும் திருத்தினால் போதும்.

அளவு பெரிய பிரச்சினையே இல்லை. சிடியில் நான்கு நிமிடப் பாட்டு ஏறத்தாழ 42 எம்பி. 128 கேபிபிஎஸ் எம்பி3-யாக அது 4 எம்பிக்குள் அடங்கும். பலமான ஒலிக்குப் பக்கத்தில் காதுக்கு எட்டாமல் அமுங்கிப்போகும் மெல்லிய ஒலிகளைக் கழித்துத்தான் இப்படிச் சுருக்குகிறார்கள். ஜெர்மனியின் ஃப்ரௌன்ஹோஃபர் நிறுவனத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்புர்க் முதலானோர் வளர்த்த உத்தி இது. ஆக 5,000 பாட்டு 20 ஜிபிதான். கேசட்டிலிருந்து கேசட்டுக்குப் பதிந்தால் ஒவ்வொரு முறையும் தரம் குறையும். ஃபைலை அப்படியே காப்பி செய்தால் ஒரு பிட்டும் குறையாது. ஆனால் மாற்றும்போதே ‘தரம் கூட்டுகிறேன்’ என்று 128-ஐ 320-ஆகக் கன்வர்ட் செய்யவே கூடாது. கழித்த ஒலி திரும்பாது, ஃபைல்தான் பெரிதாகும். மறுபடி சுருக்குவதால் இருப்பதும் கொஞ்சம் கெடும்.

காப்பி முடிந்தது என்று திரையில் வந்தாலும் வேலை முடியவில்லை. பேக்கிங்குக்கு முன் செக்கிங் டேபிளுக்கு வராத சரக்கைக் கம்பெனியில் அனுப்புவார்களா? இங்கும் அப்படித்தான். எஸ்எச்ஏ-256 கணக்கு ஒவ்வொரு ஃபைலையும் முழுவதும் படித்து 64 எழுத்துள்ள ஒரு குறியீட்டைத் தரும். ஒரே ஒரு பிட் மாறியிருந்தாலும் குறியீடு வேறாக வரும். விண்டோஸின் ‘சர்ட்யூட்டில்’ கட்டளையிலேயே இந்த வசதி உண்டு. இரண்டு ஃபோல்டரையும் மொத்தமாக ஒப்பிட்டுக் காட்டும் இலவச மென்பொருள்களும் உள்ளன.

இதில் கோட்டைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மைஸ்பேஸ் என்ற இணையதளம் சாட்சி. 2003 முதல் 2015 வரை இசைக்கலைஞர்கள் அங்கே ஏற்றிய பாட்டுகள், சர்வர் மாற்றும்போது போய்விட்டன என்று 2019 மார்ச்சில் வெளியே தெரிந்தது. சுமார் 5 கோடிப் பாட்டுகள். ஆராய்ச்சிக்காக யாரோ முன்னரே எடுத்து வைத்திருந்த நகலிலிருந்து ஏறத்தாழ 4,90,000 பாட்டுகள் மட்டும் மீண்டன. இன்டர்நெட் ஆர்க்கைவ் அவற்றை வெளியிட்டது. நூற்றில் ஒன்றுகூட இல்லை.

புதிய கம்ப்யூட்டர் பாடத் தொடங்கிய அன்றே பழைய ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மட் செய்து பழைய சாமான் கடைக்குக் கொடுத்துவிடாதீர்கள். குறியீடுகள் ஒத்துவந்து, பட்டியல்கள் பாடி, வெளி ஹார்ட் டிஸ்க்கில் இன்னொரு நகலும் எடுத்த பிறகு கொடுக்கலாம். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக அந்த நகலைப் பென் டிரைவில் போட்டு மேஜை டிராயரில் மறந்துவிடுவது சரியல்ல. பென் டிரைவில் தகவல் மின்னேற்றமாகத்தான் நிற்கிறது. வருடக்கணக்கில் தொடாமல் கிடந்தால் அது மெல்லக் கசியும்.