உறங்கும் கிழங்கைப் பேணுவோம்

குளிர்நாட்டு மக்கள் மாரிகாலம் வருமுன் தம் தோட்டத்து டாலியாச் செடிகளின் கிழங்குகளை அகழ்ந்தெடுத்து, உலர்ந்த மணலில் இட்டு வீட்டினுள்ளே காப்பர். மெக்சிக்கோவைத் தாயகமாகக் கொண்ட அச்செடி உறைபனியைத் தாங்காது. துணுக்காயில் உறைபனி இல்லை. ஆயினும் நம் வளவுகளிலும் ஆண்டுதோறும் உறங்கும் செடி ஒன்று உண்டு. அதுவே இராசவள்ளி.

ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழையிற் செழித்த கொடி, தை பிறந்ததும் இலை பழுத்துக் காய்ந்துவிடும். கொடி மடிந்தாலும் கிழங்கு மடிவதில்லை. சில மாதங்கள் உறங்குகின்றது. அவ்வுறக்கத்தைக் காப்பதே நம் பணி.

கொடியைச் சுற்றிச் சற்று எட்டவே மண்ணைத் தோண்டுக. காயம்பட்ட கிழங்கு விரைவில் அழுகுமாதலின், அதனை முதலிற் சமையலுக்கு எடுத்துக்கொள்க. ஏனையவற்றைக் கழுவாது, மண்ணை மட்டும் தட்டிவிட்டுச் சில நாள் நிழலில் ஆறவிடுக. சிறு கீறல்களின்மேல் தோல் இறுகும்.

பின்னர், வெயிலும் ஈரமும் எட்டாத, காற்றோட்டமுள்ள பரணில் ஒன்றின்மேல் ஒன்று குவியாமற் பரப்பி வைக்க வேண்டும். எலிக்கு வழிவிடலாகாது. வாரம் ஒருமுறை பார்த்து, அழுகியதை உடனே அகற்றுக. குளிர்சாதனப் பெட்டி இதற்கு ஆகாது. 12 பாகை செல்சியசுக்குக் குறைந்த குளிரிற் கிழங்கு உள்ளே பழுதுறும்.

கிழங்கின் தலைப்பக்கமே முந்தி முளைக்கும். ஆகவே வாற்பக்கத்தைக் கறிக்கும் கூழுக்கும் எடுத்து, தலையை விதைக்கு நிறுத்துதல் நன்று. நடுமுன் வெட்டுவாயிற் சாம்பல் தடவி, நிழலில் உலர்த்துக. நீர் வசதியுள்ளோர் சித்திரை மழையின் ஈரத்தில் நடலாம்.

விதைக்கிழங்கின் அருமையை நம் ஊரார்க்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2008 ஆம் ஆண்டில் வளவுகளைவிட்டுப் பெயர்ந்தோரால், பரணில் உறங்கிய கிழங்கைச் சுமந்து செல்ல இயலவில்லை. 2009 இன் பிற்பகுதி தொடக்கம் மீண்டு வந்தோர் வெறும் நிலத்திலேயே தோட்டத்தைத் தொடங்கினர். நெல்விதையைக் கடையில் வாங்கலாம். பாட்டி நட்ட கொடியின் வழிவந்த கிழங்கை எங்கே வாங்குவது?

ஆதலின் இவ்வாண்டு கிழங்கு அகழும்போது, வீட்டுக்கொரு தலைத்துண்டை அயலவருக்கும் ஈவோமாக. நம் பரணில் அழிந்தாலும், அயலார் வளவில் அது தளிர்க்கும்.